பண்ணைக் கரையில் மதில் இல்லாத ஒரு கலைக்கூடம்

(யாழ்ப்பாணம் குருநகரில் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த மாலைக்குத் தலைமை தாங்கும் சனசமூக நிலையத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவிலும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாநகரசபை உறுப்பினர்களே, மாவட்டச் செயலகத்திலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, ஆசியுரை வழங்கிய பங்குத்தந்தை அவர்களே, சிவாச்சாரியார் அவர்களே, பல்கலைக்கழக நுண்கலைத்துறை விரிவுரையாளர்களே, என்னிடம் சித்திரம் படித்து இன்று பேரப்பிள்ளைகளோடு வந்திருக்கும் என் மாணவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். கடற்றொழிலாளர் சங்கத் தலைவருக்கு ஒரு தனி வணக்கம். நேற்றிரவு தொழிலுக்குப் போய், விடியக் கரை திரும்பி, மீனை ஏலத்தில் கொடுத்துவிட்டு, கண் மூடாமல் இங்கே வந்திருக்கிறார். எனக்கு மாலை போட்டார்கள். அது அவருடைய கழுத்தில் விழுந்திருக்க வேண்டிய மாலை.

எனக்குத் தந்த தலைப்பு, நகரையும் துறையையும் இணைக்கும் கடற்கரைக் கலைக்கூடம். மூன்று விடயம் சொல்ல நினைத்து வந்திருக்கிறேன். ஒன்று, எங்கே கட்டுவது. இரண்டு, எப்படிக் கட்டுவது. மூன்று, உள்ளே எதை வைப்பது.

அதற்கு முன் என் அம்மம்மா வாயில் எந்நேரமும் இருந்த ஒரு பழமொழி. 'கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று உடல் வற்றிச் செத்ததாம் கொக்கு.' நிலைமை சரிவரட்டும், காசு வரட்டும், ஆரும் வெளிநாட்டுக்காரர் வரட்டும் என்று நாங்கள் காத்திருந்த வருடங்களை எண்ணும்போதெல்லாம் அந்தக் கொக்குத்தான் என் கண்முன் நிற்கிறது.

சரி, இடம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று ஒரு பிள்ளையிடம் கடல் எங்கே என்று கேளுங்கள். கையை நீட்டும், ஆனால் அந்தக் கை காட்டும் பக்கத்தில் கடல் தெரியாது. புல்லுக்குளம், அதன் பக்கத்தில் பதினொரு மாடிக் கலாசார நிலையம், நூலகம், துரையப்பா விளையாட்டரங்கு, முற்றவெளி, அதற்கப்பால் கோட்டை. கோட்டைக்குப் பின்னால்தான் கடல். நடந்து போகும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறது, நகரத்துக்கு அது தெரியவில்லை.

அந்தக் கோட்டை மதிலைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். ஐந்து முனையாகப் பெருப்பித்தார்கள், அகழி வெட்டினார்கள், வெளி அரண் எழுப்பினார்கள். வெளி அரண் வேலை முடிந்தது 1792 இல். 1795 இல் ஒரு வெடியும் வெடிக்காமல் ஆங்கிலேயர் கையில் கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கட்டிய மதில் மூன்றே வருடம் நின்றது. மதிலால் இந்த ஊர் கண்ட பலன் அவ்வளவுதான். ஆகவே என் இடம் பண்ணைக்கும் குருநகர் இறங்குதுறைக்கும் நடுவில், கோட்டையின் நிழலுக்கு வெளியே, வள்ளங்கள் கண்ணுக்குத் தெரிகிற கரை.

எப்படிக் கட்டுவது என்பதற்கு வருகிறேன். மகளிடம் பொஸ்டன் நகரத்துக்குப் போயிருந்தபோது அங்கே துறைமுகக் கரையில் நிற்கும் சமகாலக் கலைக்கூடத்தைப் பார்த்தேன். டில்லர் ஸ்கொஃபிடியோ ரென்ஃப்ரோ என்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்தது, 2006 டிசம்பரில் திறந்தது. நகரத்தைச் சுற்றித் தண்ணீர் ஓரமாக ஒரு பொது நடைபாதை போகிறது. அந்த நடைபாதையின் மரப்பலகை கலைக்கூடத்தடியில் வந்ததும் நிற்கவில்லை. அப்படியே மடிந்து மேலே ஏறிப் படிக்கட்டாகிறது. படி துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. பிறகு அதே பலகை உள்ளே போய் நாடக அரங்கின் மேடையாகிறது, இருக்கையாகிறது, பின்சுவரால் ஏறி வெளியே வந்து எங்கள் தலைக்கு மேலே கூரையாகிறது. அந்தக் கூரைக்கு மேலேதான் ஓவியங்கள். நான்காம் மாடி நடைபாதைக்கு மேலாகத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்தப் படியில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். ஒருவர் பாணுக்குள் எதையோ வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு தாய் பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். ஒருவரும் எங்களிடம் ரிக்கெற் கேட்கவில்லை. உள்ளே ஒரு சிறிய அறை, மேல்மாடியிலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்துத் தொங்கவிட்டது. அதன் கண்ணாடியால் பார்த்தால் வானமும் இல்லை, அக்கரையும் இல்லை, தண்ணீரின் தோல் மட்டும்தான். அங்கே நின்றபோது எனக்கு நினைவு வந்தது ஓர் ஓவியமும் இல்லை, ஒரு மனிதர்.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எண்பதுகளின் தொடக்கம். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் சித்திரக் கண்காட்சி. கறுப்புத் துணி கட்டி, பிள்ளைகளின் படங்களைக் குண்டூசியால் குத்தி, வாசலில் குத்துவிளக்கு ஏற்றி வைத்திருக்கிறோம். காலை பத்து மணியிருக்கும். சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர், சைக்கிளில் மீன் பறி தொங்க, கேற்றடியில் நிற்கிறார். நான் போய் "அண்ணை, உள்ளே வாங்கோ" என்றேன். "இல்லை மாஸ்டர், மீன் நாத்தம். பெரிய ஆக்கள் எல்லாம் நிக்கினம். நான் இதில நிண்டே பார்க்கிறன்" என்றார். கேற்றடியில் நின்றால் என்ன தெரியும்? கறுப்புத் துணியின் முதுகு தெரியும். மூன்று தரம் கூப்பிட்டேன். மூன்று தரமும் அதே பதில். கடைசியில் பரிசுக்குத் தெரிவான படத்தைக் கழற்றிக்கொண்டு கேற்றடிக்குப் போனேன். பாய் விரித்த வள்ளம், அலை, தூரத்தில் பனைகள். பத்தாம் வகுப்புப் பிள்ளை கீறியது. நடுவர்கள் மூன்று பேரும் ஒருமனதாகத் தெரிந்தெடுத்த படம்.

அவர் கையைச் சாரத்தில் துடைத்தார். படத்தைத் தொடவில்லை. குனிந்து கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "மாஸ்டர், இது எந்த மாசம்?" எனக்கு விளங்கவில்லை. "பாய் சோளகத்தில உப்பி நிக்குது. பனை ஓலை வாடைக் காத்துக்குச் சரிஞ்சு நிக்குது. இரண்டு காத்தும் ஒரே நாளில அடிச்சால் நாங்கள் ஆரும் கரைக்கு வந்து சேரமாட்டம்." சோளகம் தென்மேற்குக் காற்று, வாடை வடகிழக்குக் காற்று. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். அவன் ஓடி வந்து கேட்டுவிட்டு, அதே இடத்தில், கேற்றுக் கல்லில் குந்தி இருந்து பனைகளைத் திருத்தினான். அவர் பறியை இறக்கி வைத்துவிட்டு அவன் முடிக்கும்வரைக்கும் நின்றார். மீன் பழுதாகிவிடும் என்று நான் சொல்லியும் போகவில்லை. சோளகம் எந்தப் பக்கத்தால் வரும், வாடை எப்போது மாறும், மேல்காற்றான கச்சான் அடித்தால் களப்புத் தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கும் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே நின்றார். எத்தனையோ வருடம் சித்திரம் படிப்பித்த எனக்கு அந்த நிறம் அன்றுதான் தெரிந்தது.

அந்த மனிதரை வெளியே நிறுத்தியது யார்? ஒருவரும் போ என்று சொல்லவில்லை. கேற்று சொன்னது. ஆகவேதான் பொஸ்டனில் அந்தப் படியைக் கண்டபோது என் நெஞ்சு அடைத்தது. கேற்று இருக்க வேண்டிய இடத்தில் படி இருந்தால் அவர் பறியோடு வந்து குந்தியிருப்பார்.

அதே கலைக்கூடம் 2018 இல் துறைமுகத்தின் மறுகரையில், வேலை நடக்கிற ஒரு கப்பல் பட்டறைக்குள், செப்புக் குழாய் செய்த பழைய தொழிற்சாலையைத் திருத்தி இன்னொரு காட்சிக்கூடம் திறந்தது. அங்கே போவதற்கு அனுமதி இலவசம். இக்கரையிலிருந்து அக்கரைக்குப் படகு விடுகிறார்கள். பக்கத்தில் கப்பலுக்குப் பூச்சுப் பூசுகிறார்கள், இங்கே ஓவியம் பார்க்கிறார்கள். குருநகரில் வலை பொத்துகிற வாடிக்குப் பக்கத்தில் இதைச் செய்ய முடியாதா?

பொஸ்டன் எங்களுக்கு அந்நியமான இடமும் இல்லை. யாழ்ப்பாண வழிவந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1917 முதல் 1947 இல் கண் மூடும்வரை அந்த நகரத்து நுண்கலை நூதனசாலையில்தான் பணியாற்றினார். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு 1938 இல் போய்ச் சேர்ந்த குளோசெஸ்டர் துறைமுகம் பொஸ்டனுக்குக் கிட்டத்தான். எங்கள் பாய்க்கப்பல் அந்தக் கரைக்குப் போயிருக்கிறது. எங்கள் கரையில் அந்தக் கப்பலின் கதையைச் சொல்ல ஒரு சுவர் இல்லை.

விரிவுரையாளர்கள் இருப்பதால் இரண்டு வார்த்தை கட்டட வேலை பற்றியும் சொல்கிறேன். குருநகரில் கடற்கரை வீதி வீடுகளைப் பாருங்கள். முகப்புச் சீமெந்து கழன்று கம்பி சிவந்து தெரியும். உப்புக்காற்று கொங்கிறீற்றுக்குள் இறங்கினால் கம்பி துருவேறிப் பருக்கும், பருத்தால் வெடிக்கும். கரைக் கட்டடத்துக்கு முதல் எதிரி அதுதான். இரண்டாவது மாரி வெள்ளம். ஆகவே கீழ்த்தளம் மனிதருக்கு, காற்றோட்டமாக, திறந்தபடி. ஓவியம் மேலே, மூடிய அறையில், வடக்கு வெளிச்சத்தில். எங்கள் கரை தெற்கைப் பார்க்கிறது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயிலை நேரே உள்ளே விட்டால் சில வருடத்தில் நிறம் வெளுத்துவிடும்.

ஆனால் கட்டடம் என் முதல் கவலை இல்லை. நடைபாதைதான் முதல். பொஸ்டனில் அந்தப் பாதை சும்மா வரவில்லை. பொஸ்டன் இருக்கும் மசாசுசெற்ஸ் மாநிலத்தில், ஆங்கிலேயர் குடியேறிய காலத்தில், 1640களில் போட்ட சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. வற்றுநீருக்கும் பெருக்குநீருக்கும் இடைப்பட்ட தரையில் மீன்பிடிக்கவும் பறவை பிடிக்கவும் படகு விடவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு என்கிறது. அதிலிருந்து வளர்ந்த சட்டத்தை வைத்துத்தான், தண்ணீரோரம் கட்டுகிறவன் பாதை விட்டுக் கட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். இங்கேயும் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கடலிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம், அதற்குள் கட்ட அனுமதி வேண்டும் என்கிறது. எங்கள் நூலகம் எரிந்த அதே வருடம் வந்த சட்டம். அதைக் கையில் எடுத்துக் கேட்க ஆள் வேண்டும். கேட்காமல் இருந்தால் ஒருவர் வேலி போடுவார், அடுத்தவர் மதில் கட்டுவார், மூன்றாமவர் குப்பை கொட்டி நிரவுவார். கடல் வற்றட்டும் என்று கொக்கு நின்றது. நாங்கள் நின்றால் எங்கள் கரையே வற்றிவிடும்.

மூன்றாவது விடயம், உள்ளே எதை வைப்பது. குருநகர் மண்ணில் பிறந்த ஓவியர் மாற்குவின் பெயரை இந்த மேடையில் சொல்லாமல் இறங்க முடியாது. இடப்பெயர்வுகளில் அவருடைய படங்கள் எத்தனை தொலைந்தன என்று அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும். நாவலர் வீதி நூதனசாலையில் திமிங்கில எலும்பும் ஒல்லாந்தர் பீரங்கியும் பல்லக்கும் இருக்கின்றன. எதை வைப்பது என்பதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். தலைவர் மணியைப் பார்க்கிறார், சங்கத் தலைவர் நித்திரைக்குப் போக வேண்டும்.

மாநகரசபை உறுப்பினர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பண்ணையிலிருந்து குருநகர் இறங்குதுறை வரைக்கும், அங்கிருந்து பாசையூர் வரைக்கும், தண்ணீரோரமாக ஆறடிப் பாதை. மதில் வேண்டாம், கேற்று வேண்டாம், காவலாளி வேண்டாம். வள்ளம் ஏற்றுகிற இடத்தில் பாதை வள்ளத்துக்கு வழிவிட்டுப் போகட்டும். கலைக்கூடம் அந்தப் பாதையில் பிறகு வந்து குந்தும். இதை ஒரு கடிதமாக எழுதி வாசலடி மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் இரண்டு பேனை இருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், பண்ணைப் பாலத்தடியில் நிற்பேன். எங்கெங்கே கரை அடைபட்டிருக்கிறது என்று அளந்து குறிக்கப் போகிறோம். என்னிடம் 30 மீற்றர் நாடா ஒன்றுதான் இருக்கிறது. நீள நாடா வைத்திருக்கிற மேசன்மார் ஆராவது இருந்தால் கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.