சமையலறைக் கைப்பிடி வாங்கும் முன் துளையை அளந்து பாருங்கள்

(திரையில்: மாவு ஒட்டிய இரண்டு கைகள், மூடிய டிராயர்)

முறுக்கு மாவு பிசைந்து முடித்தாயிற்று. அச்சை வெளியே எடுத்துவைக்க மறந்துவிட்டீர்கள், அது டிராயருக்குள் இருக்கிறது. சுண்டுவிரலை மட்டும் வளைத்துக் கைப்பிடியில் மாட்டி இழுக்கிறீர்கள். டிராயர் வந்துவிட்டால் அது நல்ல கைப்பிடி. அழகெல்லாம் அப்புறம்தான்.

வணக்கம். சிங்கப்பூரின் பொங்கோலில் எங்கள் நாலறை வீட்டுக்கு ரெனவேஷன் நடந்தபோது தரை ஓடு, அலமாரிப் பலகைமேல் ஒட்டும் லேமினேட், சிங்க் எல்லாவற்றுக்கும் வாரக்கணக்கில் கடை கடையாக அலைந்தோம். கைப்பிடிக்குக் கிடைத்தது பத்து நிமிடம். காண்ட்ராக்டர் மாதிரிப் பலகையை நீட்டினார், கறுப்பு நிறத்தில் ஒன்றைக் காட்டினோம், முடிந்தது. நீளமான உருளைக் கம்பி, இரண்டு முனையும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். எங்களுடையது இரண்டு பக்கமும் அலமாரி வைத்த ஒடுக்கமான சமையலறை. ஒரே மாதத்தில் என் கால்சட்டைப் பை அதில் மாட்டி இரண்டு முறை கிழிந்தது.

(திரையில்: கிழிந்த பை. ஆமாம், அது என்னுடையதுதான்.)

சரி, கழற்றிவிட்டு வேறு போடலாம் என்று ஜாலான் புசார் பக்கம் கடை ஏறினோம். கடைக்கார அங்கிள் கேட்ட முதல் கேள்வி நிறமல்ல, விலையுமல்ல. “துளைக்குத் துளை எவ்வளவு?” அளந்து பார்த்தால் 140 மில்லிமீட்டர். கடையில் இருந்தவை 128, 160. எதுவும் பொருந்தவில்லை.

இந்த எண்களை ஒரு தடவை புரிந்துகொண்டால் போதும். 64, 96, 128, 160, 192, 224... எல்லாம் 32இன் மடங்குகள். அலமாரிப் பலகையில் வரிசையாகத் துளை போடும் எந்திரங்களில் துளைகளுக்கு இடையே 32 மில்லிமீட்டர் இருக்கும். ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் வேரூன்றிய கணக்கு அது, கைப்பிடியும் அதைப் பின்பற்றுகிறது. அளக்கும்போது கம்பியின் மொத்த நீளத்தை அளக்கக்கூடாது. ஒரு திருகாணியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரைக்கும். இந்த வரிசையில் உள்ள அளவை வாங்கினால் ஐந்து வருடம் கழித்து மாற்றுவது அரைநாள் வேலை. வரிசையில் இல்லாததை வாங்கினால் எங்கள் கதிதான். லேமினேட்டில் விழுந்த துளையை எதை வைத்து அடைத்தாலும் தழும்பு தெரியும். கடைசியில் பழைய துளைகளை மறைக்க அடியில் ஒரு தட்டு வைத்து, அதன்மேல் புதுக் கைப்பிடியைப் பொருத்தினோம். தட்டுக்கான செலவு தனி.

(திரையில்: வில் போல வளைந்த கைப்பிடி, அதற்குள் நுழையும் விரல்கள்)

இந்த முறை வில் வடிவம். முனைகள் பலகையோடு சேர்ந்துவிடுவதால் துணி மாட்டாது. 128 அளவில் பெரியவர்களின் நான்கு விரலும் தாராளமாக நுழையும். அம்மாவுக்கு விரல் மூட்டு வலி. குமிழைப் பிடித்து இழுக்க விரல் நுனியில் பலம் வேண்டும், வில்லுக்குள் கையை நுழைத்துவிட்டால் முழங்கையே இழுத்துக்கொள்ளும். மேல் அலமாரியின் சிறிய கதவுகளுக்குக் குமிழ் போதும். அகலமான டிராயரின் நடுவில் ஒற்றைக் குமிழ் வைத்தால், கொஞ்சம் ஓரமாக இழுத்தாலும் டிராயர் கோணிக்கொண்டு வரும்.

கைப்பிடியே வேண்டாம், தள்ளினால் திறக்கட்டும் என்கிறீர்களா? பார்க்க அழகுதான். ஆனால் மஞ்சள் கையால் தள்ளினால் கதவிலேயே ரேகை பதியும். இடுப்பு பட்டாலும் திறந்துகொள்ளும். தள்ளினால் திறக்கும் சாதாரண அமைப்போடு, மெதுவாக மூடும் கீல் ஒத்துப்போகாது. இரண்டும் சேர்ந்த அமைப்புக்கு விலை அதிகம். தினமும் மூன்று வேளை சமைக்கும் வீட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது உலோகம். சிங்கப்பூர்க் காற்றின் ஈரமும் தாளிப்பு எண்ணெயும் சேர்ந்தால் மட்டமான முலாம் தாங்காது. துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியவை மலிவு. முலாம் உரிந்துவிட்டால் அடியில் சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நிம்மதி. காந்தம் ஒட்டவில்லை, அதனால் இது 304 என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், மலிவான 201 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. பூச்சில்லாத பித்தளை கறுக்கும், ஆனால் குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். மேலே வார்னிஷ் அடித்த பித்தளைக்கு அந்த வைத்தியம் வேண்டாம். வரிவரியாகச் செதுக்கிய கைப்பிடி படத்தில் அழகு. அந்த வரிகளுக்குள் போன மாவை எடுக்கப் பல் துலக்கும் பிரஷ் வேண்டும்.

மூலை டிராயரைக் கவனியுங்கள். இரண்டு பக்க அலமாரிகள் சந்திக்கும் இடத்தில் ஒரு டிராயரை இழுத்தால், பக்கத்து அலமாரியின் கைப்பிடி குறுக்கே நிற்கும். நடுவில் ஒரு சிறு பலகை விட்டு இடைவெளி கொடுக்க வேண்டும். கைப்பிடி எவ்வளவு வெளியே நீள்கிறதோ அதைவிட அந்தப் பலகை அகலமாக இருக்கட்டும். அலமாரி செய்யும் முன்பே கைப்பிடியை முடிவு செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

(திரையில்: டேப் ஒட்டிய கதவு, பின்னால் பிடித்த மரத்துண்டு)

துளை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பின்பக்கம் ஒரு மரத்துண்டை அழுத்திப் பிடித்தால் லேமினேட் சிதறாது. டிராயரின் முகப்பு பெரும்பாலும் இரட்டைப் பலகை. கதவுக்கு வந்த திருகாணி அங்கே எட்டாது. நீளமானதைத் தனியே கேட்டு வாங்குங்கள். ரொம்ப நீளமாகப் போனாலும் தப்பு, முழுதும் இறுகாமல் கைப்பிடி ஆடும்.

வாங்கும்போது இரண்டு கூடுதலாக வாங்கிவிடுங்கள். ஒரு மாடல் கடையிலிருந்து எப்போது காணாமல் போகும் என்று சொல்ல முடியாது. எங்களுடைய இரண்டும் முறுக்கு அச்சு இருக்கும் அதே டிராயரில் கிடக்கின்றன.