மணியோசை வரும் முன்னே

(தேசிய அறிவியல் நாளையொட்டி, கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றின் நூலகத்தில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, இந்தக் குளிரிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்வரிசைக்கு வந்துவிட்ட ஊர்ப் பெரியவர்களே, பூண்டு அறுவடையை ஒரு பொழுது நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். வனத்துறையிலிருந்து இருவர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. மைக் செட்டைக் கீழூரிலிருந்து ஜீப்பில் ஏற்றிவந்த தம்பிகளுக்கு நன்றி. நூலகர் ஐயா ஒரு மாதமாக இதற்கு அலைந்தார். எல்லோரையும் விட, கடைசி வரிசையில் நிற்கிறாரே கிராம சுகாதாரச் செவிலியர் அம்மா, அவருக்கு ஒரு தனி வணக்கம். மழையிலும் பனியிலும் வீடு வீடாக நடக்கிறவர் அவர். அம்மா, நீங்கள் முன்னால் வந்து உட்கார வேண்டும். தம்பி, ஒரு நாற்காலி போடுப்பா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒலியைப் பற்றிய பாடத்தை வகுப்பில் முப்பது வருஷமும் ஒரே பழமொழியில்தான் தொடங்கினேன். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. தாண்டிக்குடிப் பக்கமும் பண்ணைக்காட்டுப் பக்கமும் சொந்தம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். காட்டு யானைக்கு யாரும் மணி கட்டுவதில்லை. அங்கே மூங்கில் முறியும் சத்தம்தான் மணி. கண்ணுக்குப் படாத ஒன்றைக் காது முதலில் அறிந்துகொள்கிறது. ஒலியால் உடம்புக்குள் பார்க்கும் ஸ்கேன் மிஷின் செய்வதும் இதுதான்.

இன்று நான்கு விஷயம் சொல்ல வந்தேன். எதிரொலி, ஜெல், அதிர்வெண், ரத்த ஓட்டம்.

முதலில் எதிரொலி. வட்டக்கானலைத் தாண்டி எதிரொலிப் பாறைக்குப் போய் நாம் எல்லோரும் கத்தியிருக்கிறோம். காற்றில் ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். கத்திய சத்தம் ஒரு விநாடி கழித்துத் திரும்பினால், எதிர்மலை 170 மீட்டர் தள்ளி நிற்கிறது. போக பாதி, வர பாதி, அவ்வளவுதான் கணக்கு. நம் உடம்பின் மென்மையான பாகங்களில் ஒலி விநாடிக்கு 1540 மீட்டர் ஓடுகிறது. ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்காகப் போட்டு, அதில் 130 பங்கு நேரத்தில் எதிரொலி வந்தால், அது 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து வருகிறது. இப்படி விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஒலியை அனுப்பி, வந்ததையெல்லாம் புள்ளி புள்ளியாக வைத்தால் படம் கிடைத்துவிடுகிறது. பலமாகத் திரும்பினால் வெள்ளைப் புள்ளி. திரும்பவே இல்லையென்றால் கறுப்பு. தண்ணீர் கறுப்பு, எலும்பு வெள்ளை. பித்தப்பைக் கல்லும் வெள்ளைதான். ஆனால் கல்லுக்குப் பின்னால் ஒரு கறுப்பு நிழல் விழும், சாயங்காலம் மலை நிழல் பள்ளத்தாக்கில் விழுவது போல. அந்த நிழலைப் பார்த்துத்தான் டாக்டர் கல் என்று சொல்கிறார்.

ஒலியை அனுப்புவதும் கேட்பதும் ஒரே கருவிதான். வயிற்றின் மேல் வைத்துத் தேய்க்கிறார்களே, அதுதான். அதற்குள் இருக்கும் படிகம் மின்சாரம் கொடுத்தால் அதிரும், திரும்பி வரும் ஒலி அதை அழுத்தினால் மின்சாரம் தரும். படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880இல் பாரிஸில் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். முதல் உலகப் போரில் பிரெஞ்சு இயற்பியலாளர் லாஞ்செவின் அதை வைத்துக் கடலுக்கடியில் நீர்மூழ்கியைத் தேடினார். 1958இல் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டும் அவருடைய தோழர்களும் வயிற்றுக் கட்டிகளையும் கருவையும் ஒலியால் பார்த்த விவரத்தை வெளியிட்டார்கள். நீர்மூழ்கியைத் தேடப் பிறந்தது பிள்ளையைத் தேட வந்துவிட்டது. நம் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமனுக்கும் இதில் பங்கு உண்டு. 1935, 36இல் நாகேந்திர நாத்தோடு சேர்ந்து, மீயொலி, அதாவது நம் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலி, ஓடும் திரவத்தில் ஒளி எப்படிப் பிரிகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் கண்டுபிடிப்பைக் கொண்டாடும் இந்த அறிவியல் நாளில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

அடுத்து ஜெல். "வயித்துல ஏதோ சில்லுன்னு பூசுறாங்களே, எதுக்கு சார்?" என்று போன வாரம் ஒரு தங்கச்சி கேட்டாள். கருவிக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிசாகக் காற்று இருந்தாலும், ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். மற்றதெல்லாம் வாசலோடு திரும்பிவிடும். ஜெல் அந்தக் காற்றை விரட்டுகிறது. குடலில் வாயு இருந்தால் படம் தெரியாததற்கும் இதுதான் காரணம். மாசமான புதிதில் ஸ்கேனுக்குப் போகிறவர்களை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வரச் சொல்வதும் இதற்காகத்தான். நிறைந்த மூத்திரப்பை குடலை ஒதுக்கிவிட்டு ஒலிக்கு ஒரு ஜன்னல் திறந்து கொடுக்கும்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். என் தங்கை மகளுக்கு அப்போது மூன்றாம் மாதம். ஐப்பசி மழை. கீழே ஓர் இடத்தில் ஸ்கேன், பத்தரைக்கு வரச் சொன்னார்கள். விடியற்காலை முதல் பஸ். "வரும்போதே தண்ணி குடிச்சிட்டு வந்துடுங்க" என்று சொல்லியிருந்ததால் பிள்ளை கொடைக்கானல் தாண்டியதும் ஒரு லிட்டர் பாட்டிலைக் காலி செய்துவிட்டாள். பெருமாள்மலைக்குக் கீழே ரோட்டின் குறுக்கே மரம். முன்னால் இருபது வண்டி, பின்னால் நாற்பது வண்டி. ரம்பம் வரவேண்டும், ஆள் வரவேண்டும். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. பிள்ளை முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நெற்றியெல்லாம் வேர்வை, வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த காய்கறிக்கார அம்மா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அவரும் இன்னும் மூன்று பெண்களுமாக இறங்கினார்கள், ரோட்டோரம் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். அந்த நால்வரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் அவர்களை நினைக்கிறோம்.

கீழே போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். மறுபடி குடிக்கச் சொன்னார்கள். மறுபடி ஒரு லிட்டர். வயிறு நிறைந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தால், ஒரு மணிக்கு ஸ்கேன் டாக்டர் கிளம்பிவிட்டார், இனி வெள்ளிக்கிழமை என்றார்கள். அந்த வயிற்றோடு அத்தனை வளைவும் திரும்பி ஏறினாள். வெள்ளிக்கிழமை மறுபடி போனோம். டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்பு நீருக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு துடித்தது. கருவியைக் கொஞ்சம் சாய்த்தார், இன்னொன்று துடித்தது. இரட்டை!

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. மூன்றாம் மாதமே தெரிந்ததால் ஏழாம் மாதத்திலேயே அவளை வத்தலக்குண்டில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். இரண்டு பையன்களும் சுகம். இதோ, மூன்றாம் வரிசையில் ஒருவன் மற்றவனைக் கிள்ளிக்கொண்டிருக்கிறான். அன்று தெரியாமல் போயிருந்தால் பிரசவ நேரத்தில் எந்த வளைவில் நின்றிருப்போமோ.

அதிர்வெண்ணைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒலி ஒரு விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதுதான் அது, ஹெர்ட்ஸ் என்று எண்ணுவார்கள். நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். ஸ்கேன் லட்சக்கணக்கில் போகிறது, வயிற்றுக்கு 2 முதல் 5 மெகா ஹெர்ட்ஸ், கழுத்துத் தைராய்டுக்கு 7க்கு மேல். மெகா என்றால் பத்து லட்சம். பூம்பாறையில் தேர் ஓடும்போது அடுத்த மலையில் நின்று கேளுங்கள். தவில் கேட்கும், ஜால்ரா கேட்காது. உயர்ந்த அதிர்வெண் நுணுக்கமாகக் காட்டும், ஆனால் தூரம் போகாமல் அடங்கிவிடும். ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் நுணுக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

ரத்த ஓட்டத்துக்கு டாப்ளர். ஒலி பட்ட பொருள் நம்மை நோக்கி வந்தால் எதிரொலியின் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும். தொப்புள்கொடியில் ரத்தம் சரியாக ஓடுகிறதா என்று இதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். இதே டாப்ளர் விளைவை ஒளியில் பயன்படுத்தி, 1909இல் நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் எவர்ஷெட் சூரியப் புள்ளியில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். யோசித்துப் பாருங்கள், பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஓடும் வாயுவை இந்த மலையிலிருந்து அளந்துவிட்டார்கள். இதே மலையில் ஒரு தாயின் வயிற்றில் ஓடும் ரத்தத்தைப் பார்க்க நாம் மலை இறங்க வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். மேல்மலைக்கு ஒரு ஸ்கேன் மிஷின் வேண்டும். தள்ளுவண்டியில் வைக்கும் அளவு மிஷின் போதும். ஆனால் மிஷின் மட்டும் வந்தால் உறை போட்டு மூலையில்தான் நிற்கும். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி மிஷின் இருக்கும் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும், தகுதி பெற்றவர்தான் ஸ்கேன் பார்க்க வேண்டும். அந்தச் சட்டம் நம் பெண் பிள்ளைகளைக் காக்கிற சட்டம், அதில் ஒரு எழுத்துகூடத் தளரக் கூடாது. அதனால் நாம் கேட்பது மிஷினோடு டாக்டரும் சேர்த்து. வாரத்தில் இரண்டு நாள், நாள் தவறாமல். தலைவர் அம்மா கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவதாக மேடை ஏறும் முன் என்னிடம் சொன்னார்கள். அவர்களுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. மணி நம் ஊரிலேயே அடிக்கட்டும். திங்கட்கிழமை திண்டுக்கல்லில் கலெக்டர் ஐயாவின் குறைதீர்க்கும் நாள். மனு எழுதியாயிற்று. வாசல் மேசையில் நீல அட்டை போட்ட நோட்டு இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். பெயர், ஊர், கையெழுத்து. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மைப்பெட்டியும் உண்டு. கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் போய்ப் போட்டுவிட்டு வாருங்கள், டீ அப்புறம் குடிக்கலாம்.