பத்து வருடம் ஷெட்டில் நின்ற அம்பாசடர் எஸ்டேட்டை ரோட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

(காட்சி: ரப்பர் தோட்டத்து ஓலை ஷெட். தார்ப்பாய் விலகுகிறது. பின்கதவு வரை நீண்ட கூரையோடு ஒரு பழைய அம்பாசடர்.)

குமரி மாவட்டத்தில் குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படி ஒரு வண்டி இன்னமும் கிடக்கும். அம்பாசடர் எஸ்டேட். முன்னால் குடும்பம், பின்னால் ரப்பர் ஷீட்டோ வாழைக்குலையோ என்று ஓடின வண்டி. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் உள்ள வண்டியை வைத்தே இந்த வீடியோவைச் செய்திருக்கிறோம். உங்களுடையது டீசல் என்றால் பாடி, பிரேக் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மினுமினுப்பு வேலை எதுவும் இதில் வராது. காலையில் கிளம்பித் திருவனந்தபுரம் போய், சாயங்காலம் அதே வண்டியில் திரும்பி வர வேண்டும். அந்த அளவுக்குத்தான்.

(காட்சி: ஆர்சி புத்தகம். பக்கத்தில் சேசிஸ் நம்பர் பட்டை.)

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்சியை எடுங்கள். சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டின் மேலும் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆர்சியோடு ஒப்பிடுங்கள். இடையில் யாராவது வேறு எஞ்சின் மாற்றிவிட்டு ஆர்டிஓவில் பதியாமல் விட்டிருந்தால், முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் அதுதான். ஆர்சி தாத்தா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டார் என்றால் வாரிசுப் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31. பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 வருடம் தாண்டின காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பதிந்த வண்டி என்றால், படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மார்த்தாண்டத்தின் டிஎன் 75-க்கு மாற்ற வேண்டும். இந்த ஊரில் பாறசாலைக் கேஎல் 19 நம்பரோடு நிற்கும் பழைய வண்டிகள் கொஞ்சமல்ல.

(காட்சி: பின்கதவின் கீழ் விளிம்பில் ஸ்க்ரூடிரைவர் முனை.)

அடுத்து பாடி. எஞ்சினைக் கடைசியில் பார்த்தாலும் குடி முழுகாது. எஞ்சின் பாகம் கோயம்புத்தூர் உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடினால் அகப்படும். மூக்கிலிருந்து முன்கதவு வரை சாதாரண அம்பாசடர் பாகமே உட்காரும். அதற்குப் பின்னால் உள்ள தகடும் பின்கதவும் பக்கக் கண்ணாடியும் எஸ்டேட்டுக்கே உரியவை. அவை போனால் போனதுதான். தகட்டை வெட்டி வளைத்துச் செய்துகொள்ள வேண்டும்.

குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. குளச்சல் பக்கம் என்றால் உப்புக் காற்று வேறு. பின்பக்கக் கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்ததும் தண்ணீர் உள்ளே இறங்கி, ஸ்டெப்னி இருக்கும் குழியிலும் வீல் ஆர்ச் மடிப்பிலும் தங்கும். மேலே பெயின்ட் நன்றாகவே இருக்கும். தகடு உள்ளிருந்து வெளியே அரித்து வருகிறது, அதனால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ‘டிண்’ என்றால் தகடு. ‘தப்’ என்றால் ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. சந்தேகம் இருந்தால் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டுங்கள். பட்டியில் ஒட்டாது.

குத்திப் பார்க்க வேண்டிய இடங்கள்: பின்கதவின் கீழ்மடிப்பு, இரண்டு பின் வீல் ஆர்ச், ஸ்டெப்னி குழி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, பின் ஸ்பிரிங் பட்டை தொங்கும் இடம், முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் பிடித்திருக்கும் இடம். அம்பாசடருக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் எலும்பு. அதனால் கடைசி மூன்றும் வெறும் டிங்கர் வேலை அல்ல. வெளித்தகட்டுக்கு 20 கேஜ் போதும். ஸ்பிரிங் தொங்கும் இடத்துக்கு அதைவிடக் கனமாக, பழைய தகட்டின் கனத்துக்குக் குறையாமல் போட வேண்டும்.

கதவுக்குக் கீழே உள்ள பெட்டியை வெட்டும்போது வண்டியை ஜாக்கியில் அந்தரமாக நிறுத்தாதீர்கள். முன்னும் பின்னும் பாடிக்குக் கீழே நான்கு ஸ்டாண்டு. கதவுகள் மூடியே இருக்கட்டும். வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளியை அளந்து எழுதிவையுங்கள். வெல்டிங் முடிந்த பிறகு அது 2 மில்லி மாறியிருந்தால் பாடி தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். கதவு இனி ஒழுங்காகப் பூட்டாது. வெல்டிங் தையலில் எபாக்சி பிரைமர் அடியுங்கள். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து நிறுத்தினால் இரண்டு மழை தாங்கும். தண்ணீர் வடியும் துளைகளைப் பட்டி போட்டு அடைத்துவிடுகிற மேஸ்திரிகளும் உண்டு, பக்கத்தில் நின்று பாருங்கள்.

கண்ணாடியைக் கழற்றும்போது நெம்பாதீர்கள். ரப்பரைக் கத்தியால் அறுத்து எடுங்கள். ரப்பர் மீட்டர் கணக்கில் கிடைக்கும், கண்ணாடி கிடைக்காது.

(காட்சி: பின் டிரம் கழன்று, ஒழுகிய வீல் சிலிண்டர்.)

பிரேக். பழைய அம்பாசடரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்கேனும் ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் நேராகத் தரையில் போய் நிற்கும், மிச்சம் ஹேண்ட் பிரேக்தான். அதனால் இங்கே சிக்கனம் பார்க்க இடமில்லை. முன் சக்கரத்துக்கு இரண்டு வீதமும் பின் சக்கரத்துக்கு ஒன்று வீதமும் வீல் சிலிண்டர் ஆறு; மாஸ்டர் சிலிண்டர் ஒன்று; ரப்பர் ஹோஸ் மூன்று. ‘உள்ளே இருக்கும் ரப்பர் கிட் மாற்றினால் போதும்’ என்று சொல்வார்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், பத்து வருடத்தில் அந்த ஈரம் சிலிண்டரின் உள்சுவரில் குழி போட்டிருக்கும். விரல் நகத்தை உள்ளே ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் புது ரப்பர் ஒரு மாதத்தில் கிழியும்; ஸ்லீவ் போடுங்கள் அல்லது சிலிண்டரையே மாற்றுங்கள். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஏர் அடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரேக் ஆயில் டாட் 3 அல்லது டாட் 4, ஒரு லிட்டர் வாங்குங்கள். கைக்குக் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிப் பாழாகும். லைனில் சிக்கிய ஏரை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. அதற்கு முன் ஷூவை டிரம் பூட்டும் வரை அட்ஜஸ்ட் செய்து, சக்கரம் தடையில்லாமல் சுற்றும் அளவுக்கு மட்டும் பின்வாங்குங்கள். ஷூ தள்ளி நின்றால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் ஆழமாகத்தான் போகும்.

(காட்சி: நான்கு பிளக்கும் கழன்ற எஞ்சின்.)

இப்போது எஞ்சின். பேட்டரி வைத்துச் செல்ஃபைத் தட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஏர் கிளீனரில் எலிக்கூடு இருக்கும். தோட்டத்து ஷெட் என்றால் கை விடுவதற்கு முன் ஒரு கம்பை விட்டுப் பாருங்கள், எலிக்குப் பின்னால் வருவதும் உள்ளே இருக்கலாம்.

பிளக் நான்கையும் கழற்றி, சிலிண்டருக்கு இரண்டு டீஸ்பூன் வீதம் எஞ்சின் ஆயிலும் மண்ணெண்ணெயும் சமமாகக் கலந்து விட்டு, இரண்டு நாள் விடுங்கள். பிறகு முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள். அசையவில்லையா? இன்னும் இரண்டு நாள். கியரில் போட்டு ஜீப்பால் இழுத்தால் ரிங் உடையும், சில சமயம் பிஸ்டனும்.

பழைய ஆயிலை வடியுங்கள். பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட்டைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். கருப்பாக வந்தால் புது ஃபில்டர் போட்டு 20டபிள்யூ-40 மினரல் ஆயில் 4 லிட்டர் ஊற்றி, மீதியை டிப் ஸ்டிக் பார்த்துச் சேருங்கள். பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் வருகிறதா பாருங்கள். வந்த பிறகுதான் பிளக்.

டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி, 0.38 மில்லி, எஞ்சின் சூட்டில். எட்டு வால்வுக்கும் ஒரு சுலபக் கணக்கு உண்டு: கூட்டினால் ஒன்பது. 8-ஆவது வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது 1-ஐ அட்ஜஸ்ட் செய்யுங்கள். 7 திறந்திருக்கும்போது 2. 6 என்றால் 3. டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளியும் 0.38. பிளக் 0.64. ஃபயரிங் வரிசை 1-3-4-2.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பழக்கம். சூடு ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் பிளாக்கின் பின்கோடியில் படிந்த சேறு. வடிகால் திருகைக் கழற்றி, கம்பியால் குத்தி, தெளிந்த தண்ணீர் வரும் வரை கழுவுங்கள். தெர்மோஸ்டாட் இருக்கட்டும்.

(காட்சி: டேங்கிலிருந்து வடிந்த பழுப்பு நிறப் பெட்ரோல்.)

பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். அதை ஊற்றி எஞ்சினை எழுப்பினால் வால்வு தண்டில் பிசின் படிந்து ஒட்டிக்கொள்ளும். டேங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் ஒரு கைப்பிடி நட்டும் போட்டுக் குலுக்குங்கள். நட்டை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். ஓட்டை இருந்தால் வீட்டு முற்றத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்கின் ஆவிதான் வெடிக்கும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் அதில் ஊறி இளகும். இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். எஸ்யூ கார்பரேட்டர் என்றால் மேல் டம்ளரில் மெல்லிய ஆயில் விட மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் வண்டி திணறும்.

வயரிங்கில் எலி கடித்த இடத்துக்கு டேப் சுற்றாதீர்கள், அந்த வயரையே மாற்றுங்கள். மிகப் பழைய வண்டி என்றால் பாசிட்டிவ் எர்த்தாக இருக்கலாம். பேட்டரி கேபிள் எது பாடியில் பிடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு இணையுங்கள். டயருக்குப் பட்டன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துப் பயனில்லை. பத்து வருடம் நின்ற டயர் ஐந்தையும் மாற்ற வேண்டும்.

(காட்சி: பின்கதவில் சொருகிய தாள் துண்டு.)

எஸ்டேட்டுக்கு மட்டும் ஒரு சோதனை. ஓடும்போது செங்குத்தான பின்புறத்தில் காற்றழுத்தம் குறையும். சைலன்சர் புகை அந்த இடத்தில் சுழன்று, பின்கதவு இடுக்கு வழியே உள்ளே இழுபடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. பின் சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. பின்கதவில் நான்கு பக்கமும் தாள் வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் மாற்ற வேண்டும். சைலன்சர் குழாய் பம்பருக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும்.

(காட்சி: காலை நேரம், ஆளில்லாத தோட்டத்து ரோடு.)

பதிவும் இன்ஷூரன்சும் வரும் வரை தோட்டத்துக்குள்ளேயே ஓட்டுங்கள். வந்த பிறகு முதல் நாள் சமதளத்தில் 5 கிலோமீட்டர். மறுநாள் மார்த்தாண்டம் மேம்பாலம். ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இறங்கி நிறுத்தியதும் நான்கு டிரம்முக்கும் அருகில் புறங்கையைத் தொடாமல் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால், அது முன் சக்கரம் என்றால் அந்தப் பக்க ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கலாம்: மிதிக்கும் வேகத்தில் ஆயில் போகும், விட்டால் திரும்பாது, ஷூ உரசிக்கொண்டே இருக்கும். ஹோஸ் புதியது என்றால் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டைத் தளர்த்துங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றுங்கள்; பத்து வருடச் சேறு அதற்குள் கரைந்து வந்திருக்கும்.