எழுத்து கசிந்தால் கசியட்டும்

நேயர்களுக்கு வணக்கம். நான் போர்டு எழுதுகிறவன், மதுரை கீழவாசல் பக்கம். பிளெக்ஸ் வந்தபிறகு சுவர் வேலை குறைந்துபோச்சு, ஆனால் சாக்கு, லாரி, டிரம் என்று ஸ்டென்சில் வேலை, அதாவது எழுத்து வெட்டிய தகட்டை வைத்து மை பூசுகிற வேலை, இன்னும் வருகிறது. இன்றைக்கு நான் சொல்லப்போகிற ஆளும் ஸ்டென்சில்காரர்தான். கிளென் லைகன், 1960-இல் நியூயார்க்கில் பிறந்த கறுப்பின ஓவியர். அவருடைய பெயர்பெற்ற படங்களில் ஆளும் கிடையாது மரமும் கிடையாது, எழுத்துதான் படம்.

ஸ்டென்சிலை எடுத்து நகர்த்தினால் அடியில் ஒட்டிய மை அடுத்த எழுத்தில் இழுபடும். துடைத்துத் துடைத்துத்தான் எழுதுவோம். லைகன் 1990-இல் கதவு உயரத்துக்கு ஒரு பரப்பில் வெள்ளையடித்து, ஒரே வாக்கியத்தைக் கறுப்பில் மேலிருந்து கீழ்வரை திரும்பத் திரும்ப எழுதினார். மேல்வரிகள் பளிச்சென்று இருக்கும், கீழே வரவர மை அப்பி, கடைசியில் கண்ணைச் சுருக்கினாலும் பிடிபடாது. நானாக இருந்தால் துடைத்திருப்பேன். அவர் துடைக்கவில்லை.

அந்த வாக்கியம் ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்ற எழுத்தாளர் 1928-இல் எழுதியது. வெள்ளைப் பின்னணியில் தூக்கி எறியப்படும்போதுதான் என் கறுப்பை அதிகமாக உணர்கிறேன் என்பது அதன் பொருள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து மதுரைக்குப் படிக்க வரும் பையனிடம் ஹாஸ்டலில் முதல் நாளே "எந்த ஊருப்பா?" என்பார்கள். அதோடு விடமாட்டார்கள், "ஊர்ல எந்தத் தெரு?" என்பார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொந்தத் தெருவில் இருந்தவரை அவனுக்கு அந்த நினைப்பே வந்திருக்காது.

அப்புறம் லைகன் படங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். அமெரிக்காவில் மெம்பிஸ் நகரம், 1968 பிப்ரவரி 1. மழைக்கு ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் அமுக்கும் எந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், எல்லோரும் கறுப்பர்கள் என்றே சொல்லலாம். அவர்கள் தூக்கிய அட்டையில் கூலி பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'நான் ஒரு மனிதன்', அவ்வளவுதான். ஆதரவு தர வந்த மார்ட்டின் லூதர் கிங்கை ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொன்றார்கள். இருபது வருஷம் கழித்து, 1988-இல், லைகன் அந்த அட்டையை ஓவியமாகத் தீட்டினார்.

சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கிறவர் ஒருவரிடம் அந்தப் படத்தைக் கொடுத்து, எங்கே கீறல், எங்கே கறை, எங்கே பெயிண்ட் வெடித்திருக்கிறது என்று குறிக்கச் சொன்னார். அந்தக் குறிப்புகளோடேயே 2000-இல் அதை அச்சாக வெளியிட்டார். 'நான் ஒரு மனிதன்' என்ற எழுத்தைச் சுற்றி, மயிரிழை வெடிப்பு இங்கே, கறை அங்கே என்று கைப்பட எழுதியிருக்கும். கோஷம் போட்டவன் உடம்பை டாக்டர் பரிசோதித்து எழுதின சீட்டு மாதிரி. எழுத்துக்கும் வயசாகும், அடிபடும் என்று காட்டிவிட்டார் மனுஷன்.

நம்ம ஊர்ப் பையன்கள் பைக்கில் ஒரு பட்டம் எழுதச் சொல்லி வருவார்கள். ரெண்டு கலர் சொல்வார்கள், அதிலேயே சேதி முடிந்துவிடும். "அண்ணே, எழுத்து தடியா, தூரத்துலயே தெரியணும்" என்பார்கள். பெருமை என்று அவர்கள் நினைக்கிறார்கள். எனக்கென்னமோ அந்த 'எந்தத் தெரு' கேள்விக்குக் கேட்காமலே சொல்லும் பதிலாகத்தான் படுகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஏட்ரியன் பைப்பர் பற்றி விவரமாகப் பேசத்தான் வந்தேன், சரி, சுருக்கமாக. அவரும் அமெரிக்கக் கலைஞர், கறுப்பினப் பெண், பார்த்தால் வெள்ளைக்காரர் என்று நினைக்கும் நிறம். அது தெரியாமல் யாராவது எதிரிலேயே கறுப்பரைக் கேவலமாகப் பேசினால், சண்டை போடாமல் ஒரு விசிட்டிங் கார்டை நீட்டுவார். 1986-இல் அச்சடித்தது. 'அன்பு நண்பரே, நான் கறுப்பினத்தவள்' என்று தொடங்கும். கண்காட்சியில் அதை அடுக்கி வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டுபோய்ப் பயன்படுத்துங்கள் என்றும் எழுதி வைத்தார். நம்ம ஊர்க் கல்யாணப் பந்திக்கு ஒரு கட்டு போதாது. நேரமாச்சு, வணக்கம்.