கோபுரமா, வளாகமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

சென்னையின் பழைய தேவாலயங்களுடைய வரலாறு பெரிதும் தங்கியிருப்பது கோபுரத்திலா, வளாகத்திலா? இதுதான் தலைப்பு. நான் வளாகத்தின் பக்கம். ஆலயத்தைச் சேர்ந்த கல்லறை, பதிவேடு, பள்ளி, அச்சகம் எல்லாம் சேர்ந்ததைத்தான் வளாகம் என்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர் எழும்பூர் அந்திரேயா ஆலயத்தைச் சொன்னார். இளகிய மண்ணில் வரிசையாகக் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் டி ஹேவிலண்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் எழுப்பி, 1821இல் திறந்த ஆலயம். அந்தக் குவிமாடத்தை நானும் அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றிருக்கிறேன். ஆனால் அது ஒரு பொறியாளரின் திறமையைத்தானே சொல்கிறது? அங்கே வந்து போன சனங்களைப் பற்றி என்ன சொல்கிறது?

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்துக்குப் போவோம். 1680இல் திறந்தது, பீரங்கிக் குண்டு தாங்கும் கூரை, எல்லாம் சரி. வெளியே வந்து தரையைப் பாருங்கள். காலுக்குக் கீழே கல்லறைக் கற்கள். அதில் ஒன்று 1652இல் இறந்த எலிசபெத் பேக்கருடையது. ஆலயத்தைவிட 28 வருஷம் மூத்த கல் அங்கே எப்படி வந்தது? பழைய கல்லறைத் தோட்டம் கோட்டைக்கு வெளியே, இன்றைய உயர் நீதிமன்றத்தின் பக்கம் இருந்தது. 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தச் சமாதிகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார்கள். போர் முடிந்ததும் ஆங்கிலேயர்கள் சமாதிகளை இடித்துவிட்டு, கற்களை மட்டும் கொண்டுவந்து இங்கே பதித்தார்கள். ஒரு முற்றுகையின் கதையை முற்றம் சொல்கிறது ஐயா, கூரை சொல்லவில்லை.

அப்புறம் பதிவேடு. 1753இல் ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ் கல்யாணம் இங்கேதான் நடந்தது என்று எதிரணி பெருமைப்பட்டது. அதற்குச் சாட்சி யார்? ஓர் எழுத்தர் உட்கார்ந்து எழுதிய ஏடு. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக், ஓர் இந்தியப் பெண்ணிடம் பெற்ற மூன்று மகள்களுக்கு 1689இல் இங்கே ஞானஸ்நானம் கொடுத்ததும் அந்த ஏட்டால்தான் நமக்குத் தெரிகிறது. இந்த ஆலயம் 1715இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, இடமும் பெயரும் மாறி, புனித ஜார்ஜ் பள்ளியாக இன்றும் நடக்கிறது.

வேப்பேரி மிஷன் வளாகத்தை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயப் படை அங்கிருந்த அச்சு இயந்திரத்தை எடுத்து வந்தது. அது பப்ரிசியஸ் என்ற ஜெர்மானியப் போதகர் கைக்கு வந்து சேர்ந்தது. 1779இல் அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி வேப்பேரியில் அச்சானது. நம் மொழிக்கு அகராதி அச்சிட்டுத் தந்த இடத்தை வெறும் துணைக் கட்டிடம் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியாக, ஆர்மீனியன் தெரு. நம் சனங்கள் வாயில் அது அரண்மனைக்காரன் தெரு. 1772இல் கட்டிய ஆர்மீனிய ஆலயம் அங்கே இருக்கிறது. வழிபட ஆர்மீனியச் சபை இன்று ஊரில் இல்லை. ஆனால் தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள் இருக்கின்றன, முற்றம் முழுக்க ஆர்மீனிய எழுத்தில் கல்லறைகள் இருக்கின்றன. உலகின் முதல் ஆர்மீனிய இதழை 1794இல் இந்தச் சென்னையில் அச்சிட்ட பாதிரியார் ஷ்மவோனியனும் அங்கேதான் உறங்குகிறார். நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுமுன் ஒரு தடவை அந்த முற்றத்தில் நடந்து பாருங்கள். நன்றி, வணக்கம்.