66 மணி நேரத்தில் பாதியாகும் சரக்கு

அவையோருக்கு வணக்கம்.

எலும்புக்குப் புற்றுநோய் பரவியிருக்கிறதா, இதயத் தசைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று ஸ்கேன் எடுத்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அன்று உங்களுக்கு ஊசியில் ஏற்றியது பெரும்பாலும் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள். 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். மறுநாள் அதே நேரம் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். நோயாளிக்கு நல்லதுதான். ஆனால் வாங்கிச் சேர்த்து வைக்க முடியாது.

அதனால் ஆஸ்பத்திரிக்கு வருவது அதன் தாய், சிதைந்து டெக்னீசியமாக மாறும் மாலிப்டினம்-99. அது பாதியாக 66 மணி நேரம். ஈயக் கவசத்துக்குள் சின்னதாக, அலுமினா என்ற தூள் நிரப்பிய ஒரு குழாய். மாலிப்டினம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புநீரை விட்டால் மாலிப்டினம் அசையாது, அதிலிருந்து பிறந்த டெக்னீசியம் மட்டும் கரைந்து வெளியே வரும். மறுநாள் மறுபடி எடுக்கலாம். துறைக்காரர்கள் இதைப் 'பசு' என்பார்கள், எடுப்பதைக் 'கறப்பது' என்பார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் பசு வற்றிவிடும். அப்புறம் புதிது வந்தாக வேண்டும்.

எங்கிருந்து? யுரேனியத் தகடுகளை ஆராய்ச்சி அணு உலையில் சில நாள் வைத்து, அதிலிருந்து மாலிப்டினத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். பெரிய அளவில் இதைச் செய்யும் உலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கனடாவின் சாக் ரிவர் உலை 1957-இல் ஓடத் தொடங்கியது. 2009 மே மாதம் கனநீர் கசிந்து நின்றது. மறுபடி ஓட 15 மாதமாயிற்று. நடுவில் நெதர்லாந்தின் பெட்டன் உலையையும் பழுதுபார்க்க நிறுத்தினார்கள். நாடு நாடாக ஸ்கேன்கள் தள்ளிப்போயின. சாக் ரிவருக்கு மாற்றாகக் கட்டிய இரண்டு மேப்பிள் உலைகளோ, வடிவமைப்புச் சிக்கல் தீராமல் 2008-லேயே கைவிடப்பட்டிருந்தன.

புது உலையைத் தனியார் கட்டட்டுமே என்பார்கள். சரி, கணக்கைப் பார்ப்போம். இந்த உலைகளில் பெரும்பாலானவை அரசுப் பணத்தில் ஆராய்ச்சிக்காக எழும்பியவை. கட்டிய செலவு ஐசோடோப் (மாலிப்டினம்-99 போன்ற இந்தக் கதிரியக்கப் பொருள்) விலையில் முழுதாக ஏறவே இல்லை. அந்த மலிவு விலையை நம்பி எந்த முதலாளி புது உலைக்குப் பணம் போடுவார்?

டெக்னீசியத்தைக் கறக்கும் வித்தையே அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில், 1950-களின் கடைசியில், வேறொரு ஐசோடோப்பில் கலந்து வந்த அழுக்கு எது என்று துருவியபோது கிடைத்தது. காப்புரிமை கேட்டதற்கு, பெரிய சந்தை இருக்காது என்று சொல்லிவிட்டார்கள்! சந்தைதான் முடிவு செய்யும் என்று விட்டிருந்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இன்று புராஸ்டேட் புற்றுநோய் சிகிச்சைக்கான லுட்டீசியம்-177 ஐசோடோப்பும் பெரும்பாலும் ஆராய்ச்சி உலைகளையே நம்பியிருக்கிறது. பெட்டன் உலை 1961-இல் தொடங்கியது. அதற்கு மாற்றான பல்லாஸ் இப்போதுதான் எழும்புகிறது. அடுத்த முறை உங்கள் பிரதிநிதி ஓட்டுக் கேட்டு வரும்போது இரண்டே தேதிகளைக் கேளுங்கள்: பழைய உலை எந்த ஆண்டு மூடப்படும், புதியது எந்த ஆண்டு ஓடும்?