தலைநகரைச் சுமக்கும் ஓர் எழுத்து

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரே ஒரு சீன எழுத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பெய்ஜிங் என்ற பெயரின் பின்பாதியில் வரும் 'ஜிங்'. மேலே ஒரு புள்ளி, அதன்கீழ் நீண்ட படுக்கைக் கோடு, நடுவில் ஒரு கட்டம், அடியில் மூன்று சிறு கோடுகள். உயரமான கட்டடம் ஒன்றின் படத்திலிருந்து பிறந்த எழுத்து இது. பொருள், தலைநகர்.

பெய்ஜிங் என்றால் வடக்குத் தலைநகர், நான்ஜிங் என்றால் தெற்குத் தலைநகர். இதை வெறும் பெயர் என்று விட்டுவிட முடியாது. 1928இல் ஆட்சி நான்ஜிங்குக்குப் போனதும், பெய்ஜிங்கின் பெயரிலிருந்து அந்த எழுத்தையே எடுத்துவிட்டு 'பெய்பிங்' என்று மாற்றினார்கள். 1949இல்தான் 'ஜிங்' திரும்பி வந்தது.

சரி, அண்டை நாடுகளில்? ஜப்பானியர் இதே எழுத்தை 'க்யோ' என்றும் 'கேய்' என்றும் படிக்கிறார்கள். கொரியாவில் 'க்யோங்', வியட்நாமில் 'கின்'. எல்லாம் ககரத்தில் தொடங்குவதைக் கவனியுங்கள். பழைய சீன ஒலி அதுதான். வடசீனப் பேச்சில் பிற்காலத்தில் ஜகரமாகிவிட்டது. நம் பழைய செய்தித்தாள்கள் எழுதிய 'பீகிங்'கில் இருப்பதும் அந்தப் பழைய ககரமே. ஆகவே அதை வெள்ளைக்காரர் செய்த சிதைவு என்று ஒதுக்குவது சரியல்ல.

எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது வேறொன்று. எடோ நகருக்கு 1868இல் டோக்கியோ, அதாவது கிழக்குத் தலைநகர், என்று பெயரிட்டார்கள். ஆனால் 15ஆம் நூற்றாண்டிலேயே வியட்நாமின் லே அரசர்கள் ஹனோய்க்கு அதே இரண்டு எழுத்துகளில் 'டோங் கின்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐரோப்பியர் வாயில் அது டோங்கின் ஆனது. வியட்நாம் போர்ச் செய்திகளில் அடிபட்ட டோங்கின் வளைகுடா அதே பெயர்தான். எழுதிப் பார்த்தால் டோக்கியோவும் டோங்கினும் ஒன்று! வியட்நாமின் பெரும்பான்மை மக்களும் தங்களைக் 'கின்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

அப்புறம், இது ஓர் எண்ணும்கூட. ஜப்பானில் 'கேய்' என்றால் ஒன்றுக்குப் பின் 16 சுழியங்கள், நம் கணக்கில் நூறு கோடி கோடி. கோபே நகரிலிருந்த மீக்கணினி ஒன்றுக்கு இதையே பெயராக வைத்தார்கள். 2011இல் அது உலகிலேயே வேகமான கணினியாக இருந்தது. நொடிக்கு அத்தனை கணக்குகள் என்பதே அதன் இலக்கு.

கொரியர்களோ இன்று அன்றாடம் தங்கள் ஹங்குல் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். சியோல் என்ற பெயருக்கும் சீன எழுத்து கிடையாது. அது கொரிய மொழியின் சொந்தச் சொல். ஆனால் சியோலிலிருந்து இஞ்சோனுக்குப் போகும், 1899இல் தொடங்கிய ரயில் பாதையின் பெயர் 'க்யோங்இன்'. அதில் வரும் 'க்யோங்' சியோலைத்தான் குறிக்கிறது.

நன்றி, வணக்கம்.